தன் பெயரைச் சொல்லாத சாதனங்கள்: லினக்ஸ் கேர்னலுக்கு அவற்றை அறிமுகம் செய்வது எப்படி?

வெள்ளவத்தையில் பெரியம்மாவின் கடையில் ஓர் ஐஸ்கிரீம் பெட்டி இருக்கிறது. இரவில் கரண்ட் போய் வந்தால் சில நாட்களில் அது திரும்ப ஓடத் தொடங்காது. காலையில் கடை திறந்து மூடியைத் தூக்கினால்தான் விஷயம் தெரியும். என்னிடம் ராஸ்பெரி பை 3 என்ற சின்னக் கணினி ஒன்று சும்மா கிடந்தது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் டிஎம்பி102 வெப்பநிலை சென்சர் ஒன்றை வாங்கி வந்து, நாலு வயரையும் செருகி, பையை ஓட விட்டேன். லினக்ஸின் மையமான கேர்னலின் லொக்கில் ஒரு வரிகூட இல்லை. அதே மேசையில் கிடந்த யூஎஸ்பி கீபோர்டைச் செருகியதும் தயாரிப்பாளர் பெயர், மாடல் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன.

"அண்ணா, சென்சர் பழுது போல," என்றான் பக்கத்தில் நின்ற தம்பி. கட்டுபெத்தையில் பொறியியல் படிக்கிறவன்.

சென்சர் பழுதில்லை. அதற்கு வாய் இல்லை, அவ்வளவுதான். அன்று இரவு அவனுக்குச் சொன்னதையும், பிறகு நானே பட்டுத் தெளிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் நாங்கள் வாயால் சொல்கிறபடியே தந்திருக்கிறேன். கொஞ்சம் சி மொழியும் லினக்ஸ் டெர்மினலும் பழகியிருந்தால் போதும்.

பேசும் பஸ், பேசாத பஸ்

யூஎஸ்பியில் எந்தச் சாதனத்தைச் செருகினாலும் கேர்னல் அதனிடம் "நீ யார்?" என்று கேட்கும். சாதனம் 18 பைட் நீளமான ஒரு விவரக்குறிப்பைத் திருப்பிக் கொடுக்கும். தயாரித்தவர் இலக்கம், மாடல் இலக்கம் இரண்டும் அதற்குள் இருக்கும். பிசிஐயும் அப்படித்தான். ஒவ்வொரு அட்டைக்கும் 256 பைட் கொன்ஃபிகரேஷன் இடம் உண்டு, பிசிஐ எக்ஸ்பிரஸ் என்றால் 4096. கேர்னல் ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்து, பதில் வந்த இடத்தில் இருப்பது யார், அதற்கு எவ்வளவு நினைவிடம் வேண்டும் என்று குறித்துக்கொள்ளும்.

1982இல் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஐ2சி பஸ்ஸில், அதாவது பல சிப்கள் பகிரும் இணைப்பு வழியில், இந்தக் கேள்விக்கே இடமில்லை. இரண்டு வயர், 7 பிட் முகவரி. அந்த 128 முகவரிகளில் 16 ஒதுக்கப்பட்டவை, மிச்சம் 112. ஒரு முகவரியைக் கூப்பிட்டால் அங்கே இருப்பவர் "ம்" என்பார். யார் அந்த "ம்" போட்டது என்று தெரிய வழியில்லை. டிஎஸ்3231 கடிகாரச் சிப்பும் எம்பியூ6050 அசைவு சென்சரும் இரண்டுமே ஹெக்ஸ் 68 என்ற முகவரியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. 68இல் பதில் வந்தால் அது கடிகாரமா, அசைவு சென்சரா? கேர்னல் ஊகித்து ஏதாவது எழுதினால், கடிகாரத்தில் நேரம் மாறிவிடலாம்.

எஸ்பிஐ என்ற இன்னொரு பஸ் இன்னும் மோசம். அங்கே "ம்" கூட இல்லை. யூஆர்ட் என்ற சீரியல் இணைப்பு, ஜிபிஐஓ என்ற பொதுப் பயன்பாட்டுக் காலில் தொங்கும் பொத்தான், எல்ஈடி, சிப்புக்குள்ளேயே இருக்கும் டைமர், ஐ2சி கட்டுப்படுத்தி எல்லாம் இந்த ஊமைக் கூட்டம்தான். ஒரு விதிவிலக்கு: வெப்பநிலைக்குப் பலரும் வாங்கும் டிஎஸ்18பி20 ஓடுகிற ஒன்-வயர் பஸ். ஒரே வயர்தான், ஆனாலும் ஒவ்வொரு சிப்புக்கும் 64 பிட் தனி அடையாளம் உண்டு, பஸ்ஸின் தலைவன் அவற்றைத் தேடிப் பிடித்துவிடுவான். வயர் குறைந்தால் அறிவும் குறையும் என்று நினைக்க வேண்டாம்.

முதல் வேலை டேட்டாஷீட்டோடு

சாதனம் பேசாது என்றால் அதைப் பற்றிய உண்மையை யாரோ எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த யாரோ நீங்கள்தான். விற்பவர் பக்கத்தில் உள்ள ஒரு வரி விளக்கத்தை நம்பாமல், சிப் தயாரித்தவரின் டேட்டாஷீட்டை இறக்கி, ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: எந்த பஸ், என்ன முகவரி, எத்தனை வோல்ட், இன்டரப்ட் கால் (சிப் பிராசஸரைக் கூப்பிடும் கால்) எங்கே போகிறது, எந்த ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவிடத்தில்) என்ன.

டிஎம்பி102க்கு என் தாளில் இருந்தது இது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிப்பு. 1.4 முதல் 3.6 வோல்ட் வரை, ஆகவே பையின் 3.3 வோல்ட் காலில் கொடுக்கலாம், பக்கத்தில் இருக்கும் 5 வோல்ட் காலில் கொடுத்தால் கதை முடிந்தது. முகவரி நாலு விதம்: ஏடிடி0 என்ற காலை கிரவுண்டில் கட்டினால் 48, மின்வழங்கலில் கட்டினால் 49, எஸ்டிஏ என்ற தரவு வயரில் 4ஏ, எஸ்சிஎல் என்ற கடிகாரத் துடிப்பு வயரில் 4பி, எல்லாம் ஹெக்ஸ். ரெஜிஸ்டர் 0இல் வெப்பநிலை, 1இல் அமைப்பு. வெப்பநிலை 12 பிட், ஒரு படி 0.0625 டிகிரி, 16 பிட்டின் இடது பக்கம் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். அலேர்ட் காலை நான் எங்கும் இணைக்கவில்லை. அதையும் எழுதி வைத்தேன், ஏனென்றால் இணைக்காத ஒன்றைப் பிறகு கேர்னலுக்குச் சொல்லிவிடக் கூடாது.

கேர்னலைத் தொடுமுன் வயரைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் மூன்று நாள் டிரைவர் கோடைப் பார்த்துக் கண் கலங்குகிறவர்கள். பையில் ஐ2சி பஸ்ஸை முதலில் திறக்க வேண்டும். கொன்ஃபிக் டொட் டிஎக்ஸ்டி கோப்பில் டிடிபராம் வரியில் ஐ2சி_ஆர்ம் சமன் ஒன் (ஓ, என் என்ற இரண்டு எழுத்து) என்று எழுதி மறுபடி துவக்குங்கள். அந்தக் கோப்பு இப்போதைய பை ஓஎஸ்ஸில் பூட் கோப்பகத்துக்குள் ஃபேர்ம்வேர் என்ற கோப்பகத்தில் இருக்கிறது. 40 கால் வரிசையில் 3ஆவது கால் எஸ்டிஏ, 5ஆவது எஸ்சிஎல். இந்த இரண்டு காலுக்கும் போர்டிலேயே 1.8 கிலோ ஓம் இழு-மேல் ரெசிஸ்டர் இருக்கிறது, தனியாகப் போடத் தேவையில்லை.

இனி ஐ2சி-டூல்ஸ் தொகுப்பிலுள்ள ஐ2சிடிடெக்ட் கட்டளையை மைனஸ் ஒய் 1 என்று ஓட்டுங்கள். ஒரு கட்டம் வரும். பதில் தந்த முகவரி மட்டும் எண்ணாகத் தெரியும், மற்றவை கோடு. எனக்கு 48 வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது 49. கடைக்காரர் தந்த துண்டுத் தாளில் 48 என்றுதான் அச்சிட்டிருந்தது. போர்டைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஏடிடி0 காலை மின்வழங்கலோடு சேர்க்கும் சின்னப் பொட்டில் ஈயம் ஒட்டிக் கிடந்தது. தாளை நம்பி 48 என்று எழுதியிருந்தால் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டளை வெறும் பார்வையாளன் இல்லை. பஸ்ஸில் உள்ள எல்லாச் சிப்பையும் தொட்டுப் பார்க்கிறது. பல ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகளில் இருந்த ஏடி24ஆர்எஃப்08 என்ற ஈப்ரோம் நினைவகச் சிப்பை, மைனஸ் கியூ சுவிட்சோடு ஓட்டினால், இந்தத் தொடுகை கெடுத்துவிடும் என்று கட்டளையின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் சொந்தச் சென்சர் மட்டும் தொங்கும் பஸ்ஸில் தாராளமாக ஓட்டுங்கள். அலுவலக மடிக்கணினியின் மதர்போர்டு பஸ்ஸில் வேண்டாம். கேர்னல் ஏன் தானாகவே இப்படித் தேடுவதில்லை என்பதற்கும் இதுதான் விடை. பழைய ஐஎஸ்ஏ காலத்தில் டிரைவர்கள் ஒவ்வொரு போர்ட்டாகக் குத்திப் பார்த்து, வேறு அட்டையின் போர்ட்டில் குத்தி, முழுக் கணினியும் உறைந்துபோன அனுபவம் போதும்.

டிரைவர் ஏற்கெனவே இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்கும். கேர்னல் மூலக்கோடில் சிப்பின் பெயரைத் தேடுங்கள். டிரைவர்ஸ் கோப்பகத்துக்குள் ஹெச்டபிள்யூமொன் என்ற கோப்பகத்தில் டிஎம்பி102 டொட் சி என்று ஒரு கோப்பு காத்திருக்கிறது. அப்படியானால் கோடே எழுத வேண்டாம், அறிமுகம் மட்டும் செய்தால் போதும். நூறு சென்சரில் தொண்ணூறுக்கு வேலை இவ்வளவுதான் என்பது என் கை அனுபவம்.

சரியாக வருமா என்று உடனே பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. சிஸ் கோப்பகத்தில் பஸ், ஐ2சி, டிவைசஸ், ஐ2சி-1 என்று இறங்கினால் நியூ_டிவைஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். ரூட் உரிமையோடு அதற்குள் சிப்பின் பெயரையும் முகவரியையும் எக்கோ செய்யுங்கள், "டிஎம்பி102 0எக்ஸ்49" என்பது போல. கேர்னல் அந்த இடத்திலேயே சாதனத்தை உருவாக்கி டிரைவரோடு சேர்த்துவிடும். பிறகு ஹெச்டபிள்யூமொன் கோப்பகத்தில் டெம்ப்1_இன்புட் கோப்பைத் திறந்தால் 30500 போன்ற எண் வரும். அது மில்லி டிகிரி, 30.5 என்று வாசிக்க வேண்டும். ஐ2சிடிடெக்டை மறுபடி ஓட்டினால் 49 இருந்த இடத்தில் யூயூ என்று காட்டும். அந்த முகவரியை ஒரு டிரைவர் எடுத்துக்கொண்டுவிட்டது என்று பொருள். வேண்டாமென்றால் டிலீட்_டிவைஸ் கோப்பில் முகவரியை எழுதினால் போய்விடும்.

இது மறுபடி துவக்கும்வரைதான் நிற்கும். இரவில் கரண்ட் போகும் கடைக்கு உதவாது.

உண்மையை எழுதி வைக்கும் இடம்: டிவைஸ் ட்ரீ

கேர்னலுக்கு இந்த உண்மையை எங்கே எழுதிக் கொடுப்பது என்பதில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ஆரம்பத்தில் ஆர்ம் பிராசஸர் உலகில் ஒவ்வொரு போர்டுக்கும் கேர்னலுக்குள்ளேயே ஒரு சி கோப்பு எழுதினார்கள். இந்தப் போர்டில் இந்த முகவரியில் இந்தச் சிப் என்று கோடாகவே இருக்கும். போர்டுகள் பெருகப் பெருக இந்தக் கோப்புகளும் புற்றுபோல் வளர்ந்தன. 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இதைப் பார்த்துப் பகிரங்கமாகவே எரிந்து விழுந்தார். அதன் பிறகுதான் ஆர்ம் பக்கம் டிவைஸ் ட்ரீக்கு வேகமாகத் திரும்பியது. 2012இல் 3.7 கேர்னலில் 64 பிட் ஆர்ம் நுழைந்தபோது போர்டுக் கோப்புகளுக்கு இடமே வைக்கவில்லை. டிவைஸ் ட்ரீ புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். சன் கணினிகளும் ஆப்பிளின் பவர்பிசி கணினிகளும் பயன்படுத்திய ஓப்பன் ஃபேர்ம்வேரிலிருந்து வந்தது அது. 1994இல் ஐஈஈஈ 1275 என்ற தரமாகவும் ஆனது.

டிவைஸ் ட்ரீ என்பது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. போர்டின் வரைபடத்தை மரம்போல எழுதுகிறீர்கள். டிடிசி என்ற கம்பைலர் அதை இரும வடிவத்துக்கு மாற்றும். துவக்கி அதைக் கேர்னலின் கையில் கொடுக்கும்.

எங்கள் சென்சருக்கான முனையை வாயால் சொன்னால் இப்படி: ஐ2சி1 என்ற பஸ் முனைக்கு உள்ளே, "டெம்பரேச்சர்-சென்சர் அட் 49" என்று ஒரு பெயர், பிறகு அடைப்புக்குறி. உள்ளே இரண்டு வரி. கம்பேட்டிபிள் சமன் மேற்கோளுக்குள் "டிஐ கமா டிஎம்பி102". ரெக் சமன் கோண அடைப்புக்குள் 0எக்ஸ்49. ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் அரைப்புள்ளி. முடிந்தது.

கம்பேட்டிபிள்தான் இதில் உயிர்நாடி. தயாரிப்பாளரின் சுருக்கப் பெயர், கமா, சரியான மாடல். டிரைவர் தேடுவது இந்தச் சரத்தைத்தான், ஓர் எழுத்து பிசகினாலும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் அமைதியாக இருந்துவிடும். முனையின் பெயரில் உள்ள 49உம் ரெக் வரியில் உள்ள 49உம் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் டிடிசி முணுமுணுக்கும். பெயரில் சிப்பின் மாடலை எழுதாமல் வகையை எழுதுவது வழக்கம்.

இங்கே ஒரு பழக்கத்தை வடிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: இந்தக் கோப்பில் போர்டைப் பற்றி மட்டும் எழுதுங்கள், உங்கள் டிரைவரின் விருப்பங்களை எழுதாதீர்கள். "ஒவ்வொரு 5 செக்கனுக்கும் வாசி" என்பது வன்பொருளின் உண்மை அல்ல, உங்கள் ஆசை. அதே கோப்பை நாளை யூ-பூட் என்ற துவக்கியோ வேறொரு இயங்குதளமோ வாசிக்கலாம். தம்பி முதலில் எழுதியதில் "எச்சரிக்கை அளவு -10" என்று ஒரு வரி போட்டிருந்தான். "அது பெரியம்மாவின்ர கவலை, போர்டின்ர கவலையில்லை," என்று அழிக்கச் சொன்னேன்.

ஸ்டேட்டஸ் வரியையும் தெரிந்து வைத்திருங்கள். சிப் தயாரிப்பாளரின் பொதுக் கோப்பில் பெரும்பாலான கட்டுப்படுத்திகள் "டிசேபிள்ட்" என்றே கிடக்கும். போர்டுக் கோப்பில் தேவையானதை மட்டும் "ஓகே" என்று, நாலு எழுத்தில், திறந்துவிடுவார்கள். சென்சர் முனை எவ்வளவு சரியாக இருந்தாலும் தாய் பஸ் மூடிக் கிடந்தால் பிள்ளையைக் கேர்னல் திரும்பிப் பார்க்காது.

ஓவர்லேயாகப் போடுவது

பையின் முழு மரத்தையும் மாற்றிக் கம்பைல் செய்யத் தேவையில்லை. ஓவர்லே என்ற ஒட்டுத்துண்டு போதும். கோப்பின் தலையில் டிடிஎஸ்-வி1, பிளகின் என்ற இரண்டு அறிவிப்புகள். பிறகு ஒரு ஃபிராக்மென்ட் முனை. அதில் டார்கெட் வரி ஐ2சி1ஐச் சுட்டும். அதற்குள் அண்டர்ஸ்கோர் சூழ்ந்த ஓவர்லே என்ற முனை, அதற்குள் மேலே சொன்ன சென்சர் முனை. அட்ரஸ்-செல்ஸ் 1, சைஸ்-செல்ஸ் 0 என்றும் போடுங்கள், ஐ2சியில் முகவரிக்கு ஒரு எண், நீளம் என்று ஒன்றும் இல்லை என்பதே இதன் பொருள். டிடிசியை மைனஸ் அட் என்ற சுவிட்சோடு ஓட்டினால் டிடிபிஓ கோப்பு கிடைக்கும். அதை ஓவர்லேஸ் கோப்பகத்தில் போட்டு, கொன்ஃபிக் கோப்பில் டிடிஓவர்லே வரியில் பெயரைச் சேர்த்து மறுபடி துவக்குங்கள்.

பையோடு வரும் ஐ2சி-சென்சர் ஓவர்லேக்கு டிஎம்பி102, முகவரி 0எக்ஸ்49 என்று சொன்னாலே இதே வேலை நடக்கும். சோம்பேறிகளுக்கு அது போதும். ஆனால் ஒருமுறையாவது கையால் எழுதிப் பாருங்கள், நாளைக்குப் பட்டியலில் இல்லாத சிப் ஒன்று கையில் வரும்.

டிரைவர் நீங்களே எழுத வேண்டியிருந்தால்

பழகுவதற்காக நாங்கள் அதே சென்சருக்குச் சொந்த டிரைவர் எழுதினோம். கேர்னலோடு வரும் மொட்யூலை பிளாக்லிஸ்ட் செய்துவிட்டு எழுதுங்கள். இரண்டு டிரைவர் ஒரே சரத்தைக் கேட்டால் முந்தியவருக்கே சாதனம் போகும்.

எலும்புக்கூடு சின்னது. முதலில் ஓஎஃப்_டிவைஸ்_ஐடி என்ற வகையில் ஓர் அட்டவணை. அதில் கம்பேட்டிபிள் சரம், முடிவில் ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரியை மறந்தால் கேர்னல் அட்டவணையின் எல்லை தாண்டி நினைவகத்தில் அலையும். அட்டவணையை மொட்யூல்_டிவைஸ்_டேபிள் மேக்ரோவால் வெளியே அறிவிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் டிரைவர் கையால் ஏற்றும்போது வேலை செய்யும், துவக்கத்தில் தானாக ஏறாது. "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" என்ற புலம்பலின் முக்கால்வாசி இதுதான்.

அடுத்து ஐ2சி_டிரைவர் என்ற கட்டமைப்பு. பெயர், அட்டவணைக்கான சுட்டி, புரோப் ஃபங்ஷன். கடைசியில் மொட்யூல்_ஐ2சி_டிரைவர் என்ற ஒற்றை வரி பதிவு செய்யும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். மரத்தில் உள்ள சரமும் அட்டவணையில் உள்ள சரமும் ஒத்ததும் கேர்னல் உங்கள் புரோப்பைக் கூப்பிடும். புரோப்புக்குள் நினைவகம், இன்டரப்ட், கடிகாரம் எதை எடுத்தாலும் டெவ்எம் என்று தொடங்கும் ஃபங்ஷன்களால் எடுங்கள். புரோப் பாதியில் தோற்றாலும், சாதனம் நீக்கப்பட்டாலும் கேர்னலே எடுத்த வரிசைக்கு எதிர் வரிசையில் திருப்பிக் கொடுத்துவிடும். முன்பு இதற்காக எழுதிய கோட்டூ ஏணிகள் இப்போது தேவையில்லை.

எங்களுடைய முதல் வாசிப்பு 0.06 டிகிரி. கொழும்பில், மத்தியானம், மின்விசிறிக்குக் கீழே. கொஞ்ச நேரத்தில் -127.94. தம்பி சிரித்தே விட்டான். என்ன நடந்தது என்று மெதுவாகப் பாருங்கள், இது எல்லாருக்கும் ஒருமுறை நடக்கும். 30 டிகிரி என்றால் 480 படிகள், ஹெக்ஸில் 1ஈ0. நாலு பிட் இடது தள்ளினால் 1ஈ00. சென்சர் பெரிய பைட்டை முதலில் அனுப்பும்: 1ஈ, பிறகு 00. எஸ்எம்பஸ் ரீட்_வேர்ட்_டேட்டா ஃபங்ஷனோ முதலில் வருவதைச் சின்ன பைட் என்று எடுத்துக்கொள்ளும். கையில் கிடைத்தது 001ஈ. அதை நாலு பிட் வலது தள்ளினால் மிச்சம் 1, அதாவது 0.0625. அறை கொஞ்சம் சூடாகி 30.5 ஆனதும் பைட்டுகள் 1ஈ, 80 ஆயின. புரட்டினால் 801ஈ, முதல் பிட் 1, குறியுள்ள எண்ணில் அது கழித்தல். ஆகவே -127.94. பெயரின் கடைசியில் ஸ்வாப்ட் என்று உள்ள ஃபங்ஷனுக்கு மாற்றியதும் சரியானது.

அதோடு முடியவில்லை. சென்சரை ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைத்ததும் 238 டிகிரி காட்டியது. உண்மையில் உள்ளே -18. அது -288 படிகள், 12 பிட்டில் 3808 என்று நிற்கும், 3808ஐ 0.0625ஆல் பெருக்கினால் 238. ஃபங்ஷனை மாற்றியபோது, ஸ்வாப் செய்த மதிப்பைக் குறியில்லாத மாறியில் வைத்திருந்தோம். எஸ்16 வகைக்கு மாற்றிப் பிறகு வலது தள்ளியதும் -18 வந்தது. மேசையில் மட்டும் சோதித்துவிட்டுக் கடையில் பொருத்தியிருந்தால் பெரியம்மா தீயணைப்புப் படையைக் கூப்பிட்டிருப்பார்.

சிப்புக்குள்ளே இருக்கும் சாதனங்கள்

ஐ2சி பஸ்கூட இல்லாமல், பிராசஸர் நினைவக முகவரியாகவே தொடும் சாதனங்களுக்குப் பிளாட்ஃபோர்ம் டிரைவர் என்று பெயர். அமைப்பு அதே: அட்டவணை, புரோப், பதிவு. ரெக் வரியில் மட்டும் முகவரியோடு நீளமும் வரும். புரோப்பில் டெவ்எம்_பிளாட்ஃபோர்ம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸ் அந்த இடத்தைக் கேர்னலின் முகவரிக்குள் கொண்டுவரும், பிளாட்ஃபோர்ம்_கெட்_ஐஆர்க்யூ இன்டரப்ட் எண்ணைத் தரும். வாசிக்கவும் எழுதவும் ரீட்எல், ரைட்எல். சுட்டியை நேரடியாகத் தொடாதீர்கள்.

இங்கே இரண்டு குழிகள் இருக்கின்றன. ராஸ்பெரி பை சிப்பின் ஆவணத்தில் ஜிபிஐஓ பகுதி 7ஈ200000 என்ற முகவரியில் இருப்பதாக எழுதியிருக்கும். பை 3இல் பிராசஸர் அதைக் காண்பது 3எஃப்200000இல். முதலாவது பஸ் முகவரி, இரண்டாவது பிராசஸரின் முகவரி. தாய் முனையில் உள்ள ரேஞ்சஸ் வரிதான் ஒன்றை மற்றதாக மாற்றுகிறது, ஆகவே ஆவணத்தில் உள்ளபடி 7ஈயே எழுத வேண்டும். நாமே கணக்குப் போட்டு 3எஃப் என்று எழுதினால் பொருந்தாது.

மற்றது இன்டரப்ட். ஆர்மின் ஜிஐசி என்ற இன்டரப்ட் கட்டுப்படுத்தி உள்ள சிப்களில் மூன்று எண்கள் எழுத வேண்டும்: வகை, இலக்கம், தூண்டும் விதம். பகிரப்பட்ட இன்டரப்டுக்கு வகை 0. பல ஆவணங்களில் இலக்கம் முதல் 32ஐயும் சேர்த்து எண்ணப்பட்டிருக்கும், மரத்தில் அதைக் கழித்து எழுத வேண்டும். ஆவணத்தில் 72 என்றால் மரத்தில் 40. கழிக்க மறந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, இன்டரப்டும் வராது.

இன்னொன்று கடிகாரம், நேரம் காட்டுவது அல்ல, சாதனத்தை ஓட வைக்கும் துடிப்பு. துவக்கம் முடியும் நேரத்தில் யாரும் உரிமை கோராத கடிகாரங்களைக் கேர்னல் அணைத்துவிடும். சாதனம் முதல் சில செக்கன் ஓடிப் பிறகு செத்துப்போனால், குளொக்ஸ் வரியை எழுத மறந்தீர்களா, டிரைவரில் அதைத் திறந்தீர்களா என்று பாருங்கள். துவக்க வரியில் சிஎல்கே_இக்னோர்_அன்யூஸ்ட் போட்டதும் உயிர் வந்தால் குற்றவாளி அங்கேதான்.

"பிறகு வா" என்ற பதில்

உங்கள் சாதனத்துக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டரின் டிரைவர் இன்னும் ஏறவில்லை என்றால்? 2012 முதல் கேர்னலில் இதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. புரோப் ஈபுரோப்_டிஃபர், அதாவது -517 என்று திருப்பி அனுப்பினால் கேர்னல் கோபிக்காது. காத்திருப்போர் வரிசையில் போட்டுவிட்டு, வேறொரு சாதனம் தயாரானதும் மறுபடி கூப்பிடும். ஆகவே ரெகுலேட்டரோ கடிகாரமோ கேட்டுப் பிழை வந்தால் அதே எண்ணை அப்படியே மேலே திருப்பி அனுப்புங்கள், நீங்களாக வேறு பிழை எண் போடாதீர்கள். யார் யார் காத்திருக்கிறார்கள் என்று டீபக்எஃப்எஸ்ஸில் டிவைசஸ்_டிஃபர்ட் என்ற கோப்பு சொல்லும்.

சாதாரண மடிக்கணினியில் டிவைஸ் ட்ரீ இல்லை, ஏசிபிஐ அட்டவணைகள் அந்த வேலையைச் செய்கின்றன. எழுதுபவர் பயோஸ் தயாரிப்பாளர் என்பதால் நமக்கு அங்கே கை நீட்டும் இடம் குறைவு. பிஆர்பி0001 என்ற அடையாளத்தைப் போட்டு கம்பேட்டிபிள் சரத்தையே ஏசிபிஐக்குள் கொடுக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், ஏற்கெனவே எழுதிய டிரைவர் அப்படியே ஓடும்.

வேலை செய்யாதபோது கீழிருந்து மேலே

எங்கே அறுந்தது என்று தெரியாதபோது நான் இந்த ஒழுங்கில்தான் போவேன். ஐ2சிடிடெக்டில் முகவரி தெரிகிறதா? இல்லையென்றால் வயர். தெரிந்தால், புரொக் கோப்பகத்தில் உள்ள டிவைஸ்-ட்ரீக்குள் என் முனை இருக்கிறதா? இல்லையென்றால் ஓவர்லே ஏறவில்லை. இருந்தால், சிஸ்ஸில் ஐ2சி டிவைசஸ் கோப்பகத்தில் 1-0049 என்று ஒரு கோப்பகம் உருவாகியிருக்கிறதா? இல்லையென்றால் ஸ்டேட்டஸ் அல்லது தாய் பஸ். கோப்பகம் இருந்தால் அதற்குள் டிரைவர் என்ற இணைப்பு இருக்கிறதா? இல்லையென்றால் கம்பேட்டிபிள் பொருந்தவில்லை, அல்லது மொட்யூல் ஏறவில்லை, அல்லது புரோப் தோற்றுவிட்டது. மூன்றில் எது என்று டிமெஸேஜ் சொல்லும்.

கடையில் பொருத்தி மூன்று மாதம் கழித்து வாசிப்பு நின்றது. 1-0049 கோப்பகம் இருந்தது, டிரைவர் இணைப்பும் இருந்தது, லொக் முழுக்க -121. முகவரியைக் கூப்பிட்டும் "ம்" வரவில்லை என்பதைத்தான் பையின் ஐ2சி கட்டுப்படுத்தி அந்த எண்ணால் சொல்கிறது. வெள்ளவத்தைக் கடற்காற்று கனெக்டரின் காலைப் பச்சையாக அரித்து வைத்திருந்தது. துடைத்துச் செருகினேன். எதையும் மறுபடி துவக்காமலே அடுத்த வாசிப்பு -17.5 என்று வந்தது. சென்சர் போனதையும் அது கேர்னலிடம் சொல்லவில்லை, வந்ததையும் சொல்லவில்லை. மரத்தில் 49 என்று எழுதியிருந்ததை நம்பி, கேர்னல் அத்தனை நாளும் அந்தக் கதவையே தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.